லைசென்ஸ் சன்னலில் ஒரு ரேடியோ

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரம் தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்தேன். வீடு திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புவேன். மணியார்டர், பதிவுத்தபால், சேமிப்பு வங்கி என்று எல்லாச் சன்னலிலும் மாற்றி மாற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். எதிலும் எனக்குப் பெரிய தொந்தரவு வந்ததில்லை. ரேடியோ லைசென்ஸ் சன்னலில் உட்கார்ந்த ஐந்து வருஷம்தான் என் பொறுமையைத் தின்று தீர்த்தது.

அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும். வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய். தபால் நிலையத்தில் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குவது மட்டும்தான் எங்கள் வேலை. பணம் சர்க்காருக்குப் போகும். ரேடியோ நிலையத்தை நடத்துவதும் சர்க்கார்தான் என்றாலும் அது வேறு இலாகா, வேறு ஊர், வேறு மனிதர்கள். இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒருவராவது நம்பியதில்லை. பணத்தை என் கையில் கொடுக்கிறார்கள். ஆகவே ரேடியோவில் வருவதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

"சினிமாப் பாட்டு போட மாட்டீங்களா? அதைக் கேக்க கடலுக்கு அக்கரை ஸ்டேஷனைத்தான் திருப்ப வேண்டியிருக்கு. அதுக்கு எதுக்குய்யா உங்களுக்குப் பணம்?" என்பார் ஒருவர். அவருக்குப் பின்னால் நிற்பவர், "பாட்டு பாட்டுன்னு உசிரை வாங்கறீங்களே, நாட்டு நடப்பை இன்னும் கொஞ்சம் சொன்னா என்ன?" என்பார். செய்தியில் வரும் தமிழ் தமிழாகவே இல்லை என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருஷா வருஷம் என்னிடம் பாடம் நடத்திவிட்டுப் போவார். இந்திப் பாடம் எதற்கு என்று ஒரு கூட்டம். நிலையத்தில் இருப்பவர்களுக்கு என்ன சம்பளம், பாட வருகிறவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், எல்லாரும் அவர்களுக்கு வேண்டியவர்கள்தானாமே என்று இன்னொரு கூட்டம்.

இதில் பெரிய வேடிக்கை, என்னிடம் ரேடியோவே கிடையாது. வாங்க வசதியில்லை. ஒரு நிகழ்ச்சியைக்கூட முழுதாகக் கேட்காதவன் அத்தனை நிகழ்ச்சிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ரயிலிலும் தப்ப முடியாது. நான் இன்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்துபோனதால், வழியில் பேரணி ஸ்டேஷனில் ஏறுகிறவர்கூட, "இன்னா சார், நேத்து ஒங்க ரேடியோ ஒரே கரகரன்னு கெடந்துச்சே" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

இப்படி இருந்தபோது ஓர் ஐப்பசி மாதம், மழை விட்ட நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பனமலையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக நாலு காணி நிலம் வைத்திருந்தவர். தலையில் சாக்கு சுற்றிய பெரிய சுமை. வரிசையில் நிற்கவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்து சுமையை என் மேசைமேல் இறக்கினார். சாக்கை உருவினார். உள்ளே ஒரு பாட்டரி ரேடியோ. அந்த நாளில் மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு வரும் பெரிய மரப்பெட்டி. கூடவே செங்கல் கனத்தில் அதன் பாட்டரி.

"சார், எடுத்தாந்துட்டேன். நீங்களே வச்சிக்கிங்க."

"என்னங்க இது?"

"ரேடியோவும் வேணாம், லைசென்சும் வேணாம். என் பேரை அடிச்சிடுங்க."

அவரை உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டேன். ஆடியில் விதைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்கும் பருவம். பிடுங்கலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சாயங்காலம் ரேடியோவில் வானிலை சொன்னார்களாம். மழை இருக்காது என்று சொன்னார்களாம். அதை நம்பிப் பத்து ஆளை வைத்துப் பிடுங்கிக் கொல்லை நிலத்திலேயே பரப்பியிருக்கிறார். மறுநாள் விடியற்காலை பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. கொடியோடு கிடந்த காயெல்லாம் முளைகட்டிவிட்டது.

"சரி, மழை யாரு கையிலயும் இல்ல, வுட்டுட்டேன் சார். நாலாம் நாளு சாயங்காலம் தொறக்கறேன். ரெண்டு பேரு பேசிக்கினு இருக்கானுங்க. 'நெலக்கடலை விதைக்க இதுவே ஏற்ற தருணம்'ங்கறான் ஒருத்தன். 'அப்படியா, ரொம்ப நல்லது'ங்கறான் இன்னொருத்தன். நான் முளைச்ச காயை வாரிக்கினு நிக்கறேன், அவன் விதைக்கச் சொல்றான். எந்த ஊரு காரன் சார் அவன்? அவனுக்குக் காணி இருக்குதா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வேறு எந்த ஜில்லாவுக்கோ பொருந்துகிற பேச்சாக இருந்திருக்கும். ஆனால் எனக்குச் சட்டப்புத்தகம் இருந்தது. நான் அதைத்தான் பேசினேன்.

"பெட்டி உங்க வீட்டுல இருக்கிறவரைக்கும் லைசென்ஸ் கட்டித்தான் ஆகணுங்க. கேக்கறீங்களா இல்லையாங்கறது பேச்சே இல்லை."

"மூடி வச்சிருந்தாலுமா?"

"மூடி வச்சிருந்தாலும்."

அவர் மேசைமேல் இருந்த பெட்டியைக் காட்டினார். "சரி சார். இப்ப வூட்டுல இல்ல. இங்க கீது. இப்ப யாரு கட்டணும்?"

நான் யோசிக்கிறதுக்குள் அவர் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னால் ஓடினேன். சன்னலில் நின்ற ஆறேழு பேர், "எங்க சார் ஓடறீங்க, எங்களை அனுப்பிச்சிட்டுப் போங்க" என்று கூச்சல் போட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் தன் பேரில் ஒரு கறுப்புப் புள்ளிகூட விழக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. என் மேசையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"யாருய்யா இதை வாங்கி வச்சது?"

"நான் வாங்கலைங்க சார். வச்சுட்டுப் போயிட்டார்."

"இப்போ இது யார் கைவசம் இருக்கு?"

"நம்ம கைவசங்க சார்."

"அவர் லைசென்ஸ்?"

"போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லைசென்ஸ் இல்லாத ரேடியோ. தபாலாபீஸ்ல. இன்ஸ்பெக்டர் இன்னிக்கு வந்தா என்ன சொல்லுவே?"

எடுத்து வெளியே வைக்கவும் முடியாது. காணாமல் போனால் அதற்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் பார்சல் அறையில் ஒரு மூலையில் வைத்து, காலித் தபால் பைகளை மேலே போட்டு மூடினோம். எங்கள் மேலதிகாரியான சூப்பிரண்டெண்டுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார் போஸ்ட்மாஸ்டர். எழுதினேன். 'மேற்படி நபர் மேற்படி பெட்டியை மேற்படி நிலையத்தில் விட்டுச் சென்றுள்ளார்' என்று மூன்று மேற்படி போட்டு எழுதிய அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் வரவில்லை. தினமும் காலையில் போஸ்ட்மாஸ்டர் பார்சல் அறைக்குப் போய்ப் பைகளை விலக்கிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டு வருவார். அவர் என்னிடம் அந்த மாதம் முழுக்கச் சரியாகப் பேசவேயில்லை.

இதற்கு நடுவில் ரேடியோ நிலையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நேயர்களின் கருத்தை அறிய ஓர் அதிகாரி விழுப்புரம் வருகிறார். லைசென்ஸ்காரர்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்று. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. என்னிடம் கொட்டுவதையெல்லாம் இனி உரிய ஆளிடம் கொட்டட்டும் என்று, பதிவுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் கார்டு எழுதிப் போட்டேன். பனமலைக்காரருக்கும் ஒன்று போட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம். பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. அதிகாரி இளைஞர், வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. முதலில் எழுந்த ஒரு வக்கீல் அரை மணி நேரம் கச்சேரிகளைப் பற்றிப் பேசினார். அடுத்து எழுந்தவர் வக்கீலுக்குப் பதில் சொன்னார். பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். சன்னலில் என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தியவர்கள், இங்கே கையைக் கட்டிக்கொண்டு, "ஏதோ நல்லாத்தான் போவுதுங்க" என்றார்கள். சம்பளம் எவ்வளவு என்று என்னைக் குடைந்தவர் அதிகாரிக்குக் காப்பி வாங்கிவரப் போயிருந்தார்.

பனமலைக்காரர் கடைசி பெஞ்சில் இருந்தார். அதிகாரி அச்சடித்த படிவங்களை எடுத்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். கர்நாடக சங்கீதம், மெல்லிசை, நாடகம், செய்தி, கிராமத்தாருக்கான நிகழ்ச்சி. இதில் எது பிடிக்கும், எவ்வளவு பிடிக்கும் என்பதற்குக் கட்டம்.

"ஐயா, உங்களுக்குப் பிடித்தது எது?"

"ரேடியோவுல எனக்குப் புடிச்சது அந்த நிறுத்தற திருகுதாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பனமலைக்காரர் சிரிக்கவில்லை.

"சிரிக்கறதுக்குச் சொல்லலிங்க. எங்க மழை எப்ப, எங்க விதைப்பு எப்பன்னு தெரிஞ்ச ஒருத்தன் அங்க இருக்கறானா? இல்லைன்னா ஒருத்தனை வையுங்க. பணம் நாங்கதான் குடுக்கறோம். எங்களுக்கு ஒருத்தன் வேணாமா?"

அதிகாரி, "நல்ல யோசனை ஐயா, கட்டாயம் மேலே சொல்கிறேன்" என்றார். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அது பொருந்தவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தயங்கினார். பிறகு கடைசிக் கட்டத்தில் கோடு போட்டார். அதில் 'கருத்து இல்லை' என்று அச்சாகியிருந்தது.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. நானும் சர்க்கார் உத்தியோகம், அவரும் சர்க்கார் உத்தியோகம். பெஞ்சுகளை ஒதுக்கி வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த வாரம் சூப்பிரண்டெண்டிடமிருந்து பதில் வந்தது. பெட்டியை உடனே உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட எழுத்தர் ஏன் ஏற்றுக்கொண்டார் என்று எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். ரேடியோ தப்பாகச் சொன்னதற்கு யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியோடு பனமலைக்குப் போகச் செஞ்சி பஸ்ஸில் ஏறினேன். மேலே போட்டால் வால்வு உடையும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். பாட்டரி காலடியில். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கொடுத்தார். "பாட்டு பாடும்தானே சார், ஆள் கணக்குதான்" என்று அவருக்கு ஒரு நகைச்சுவை வேறு. இறங்கி, ஏரிக்கரையோரமாகத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும், "ரேடியோ ரிப்பேருங்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

பனமலைக்காரர் வீட்டில் இல்லை. கழனிக்குப் போயிருந்தார். அவர் மனைவி முற்றத்தில் அடுத்த விதைப்புக்கு மல்லாட்டைக் காய் உடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிறையப் பருப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒன்றும் கேட்காமல் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கினார். முந்தானையால் அதன் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். அப்புறம்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"எங்க வச்சிருந்தீங்க தம்பி? ஒரே அழுக்கா கீதே."

"பார்சல் ரூம்லங்க. அம்மா, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடச் சொல்லி உத்தரவு. வாங்கிக்கிட்டேன்னு அவர் ஒரு கையெழுத்துப் போடணும். லைசென்ஸும் கட்டணும். இல்லைன்னா வித்துடணும்."

"விக்கறதா?" என்றார் சட்டென்று. "யாரைக் கேட்டு விக்கறது?"

நான் திகைத்துப்போனேன். அவர் மறுபடி உட்கார்ந்து காயை உடைக்க ஆரம்பித்தார். கை பாட்டுக்கு உடைக்கிறது, வாய் பாட்டுக்குப் பேசுகிறது.

"அவரு ஒரு நாளைக்கு அரை மணி கேப்பாரு. சாயங்காலம். மழை வருமா, மல்லாட்டை இன்னா வெலை. அவ்ளோதான். பகல்ல இங்க யாரு கீறாங்க? நானும் இந்த மொறமுந்தான். மத்தியானம் நாயனம் வைக்கிறாங்க தம்பி. அத்தைப் போட்டுக்கினா ரெண்டு மரக்கா காய் ஒடைக்கறதே தெரியாது. பாட்டரி இவ்ளோ ஜல்தியா தீந்துபூடுதேன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுக்கினு இருந்தாரு இந்த மனுசன். தீத்தது நான்தான்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"தூக்கிக்கினு போறப்ப என்னைக் கேட்டாரா? விழுப்புரத்துல ஊரையே கூட்டி வச்சி எது புடிக்கும்னு கேட்டாங்களாமே. என்னைக் கேட்டாங்களா? நீங்க கார்டு போட்டீங்களே, அதுல எம் பேரு இருந்துச்சா?"

இல்லை. புத்தகத்தில் இருந்த பேர்களுக்குத்தான் போட்டேன். அது அத்தனையும் ஆண்கள் பேர். மூன்று வருஷமாக அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறேன், அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. அத்தனை பேர் கத்தலையும் கேட்டதில் ரேடியோவை யார் கேட்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பனமலைக்காரர் வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சார், இத்த மறுபடியும் கொண்டாந்து... பெரிய பேஜாராப் போச்சே" என்று தொடங்கினார். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"பணம் நான் கட்டறேன். பால் காசு கீது. பெட்டி எங்கியும் போவாது."

"அவனுங்களுக்கு ஒரு காசு குடுக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கறேன்."

"நீங்க குடுக்க வேணாம். நான்தான குடுக்கறேன். நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சட்டம் சொல்லித் தன்னைக் காப்பாற்றுவேன் என்பதுபோல. நான் ரசீதுத் தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் விழுப்புரம் வந்தார்கள். லைசென்ஸை அந்த அம்மாள் பேருக்கே மாற்ற வேண்டும் என்றார்கள். போஸ்ட்மாஸ்டர் கையைப் பிசைந்தார். அவருக்குத் தெரிந்து இப்படி ஒன்று வந்ததில்லை. விதி இருக்கிறதா என்று தேடச் சொன்னார். கூடாது என்று எங்கும் இல்லை என்றேன். கூடும் என்று எங்கே இருக்கிறது என்றார். அரை மணி நேரம் இது நடந்தது. கடைசியில் கணவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார். பனமலைக்காரர் வாசல்படியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே அது பொய் சொன்னா அவதான் பொறுப்பு சார்" என்றார். அந்த அம்மாள் சன்னலில் நின்று, தன் பேரை எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினார். நான் முத்திரை குத்தினேன்.

போகும்போது அந்த அம்மாள் திரும்பி வந்தார். "தம்பி, ஒன்னு கேக்கணும். ராகத்தை நல்லா வாசிச்சிக்கினு வர்றப்பவே டக்குன்னு நிறுத்திட்டு சேதி சொல்ல ஆரம்பிச்சிடறாங்க. முடிச்சிட்டுச் சொன்னா இன்னா? ஒரு நிமிசம் பொறுக்கக் கூடாதா? அவங்ககிட்ட சொல்லுங்க."

மறுபடியுமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரேடியோ நிலையம் வேறு, தபால் இலாகா வேறு என்ற பழைய பல்லவியை எடுக்க வாயைத் திறந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, ஒரு கார்டை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே அவரே கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அதற்குப் பதில் வந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார். என் விளக்கக் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது. இனிமேல் கவனமாக இருக்கும்படி எச்சரித்திருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் எந்தப் புள்ளியும் இல்லாமல் ஓய்வு பெற்றுப் போனார். புது போஸ்ட்மாஸ்டர் வந்த பிறகு, லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டும் கார்டுகளில், பேருக்குக் கீழே 'குடும்பத்தார்க்கும்' என்று நானாகவே ஒரு வார்த்தை சேர்த்து எழுத ஆரம்பித்தேன். ஒரு நாள் அவர் அதைப் பார்த்துவிட்டு, அச்சில் இல்லாததை எழுதக்கூடாது என்றார். நிறுத்திவிட்டேன்.

திண்டிவனத்துக்கு மாற்றல் கிடைக்கும்வரை இரண்டு வருஷம், ஐப்பசியில் அந்த அம்மாள் வந்து கட்டிவிட்டுப் போனார். பனமலைக்காரர் கூடவே வருவார். ஆனால் தபால் நிலையத்துக்குள் கால் வைக்க மாட்டார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரேடியோ நிலையத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். சன்னலில் இருந்த எனக்கு அது நன்றாகக் கேட்கும்.